யுத்தம் வர நேரமில்லாத கூத்து

பிள்ளைகளே, நம்முடைய வீட்டுச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும் படத்தைப் பற்றி நீங்கள் இருவரும் எத்தனையோ தரம் கேட்டுவிட்டீர்கள். அதில் சேலை கட்டி, கொண்டை போட்டு, மூக்குத்தியோடு நிற்கும் தடித்த பெண் நான்தான் என்பதை மகள் கண்டுபிடித்துவிட்டாள். மகன் இன்னும் நம்பவில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு, தலையில் சிப்பி ஒட்டிய முடியோடு, அதாவது கிரீடத்தோடு, பல் தெரியச் சிரிக்கிற ராசா யார் என்று போன கிழமை கேட்டீர்கள். சோறு ஆறுகிறது என்று சொல்லித் தப்பிவிட்டேன். அது யுத்தம். ஓம், யுத்தம்தான்.

யுத்தம் ஏன் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து நின்று படம் எடுத்தது என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தாள் வேண்டும். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். மேசன் வேலை செய்கிறவன். சுவர் என்றால் எந்த மூலையில் முதல் கல்லை வைப்பது என்று எனக்குத் தெரியும். இதை எங்கே தொடங்குவது என்று நாலு நாள் யோசித்தேன். தகரத்தில் தொடங்குகிறேன்.

கடல் வந்த அன்று, அது நம் வீட்டுக்குள் முன்வாசலால் வந்து, பின்வாசலால் போய், வாவியில் விழுந்தது. போகும்போது குசினிக் கூரையைக் கொண்டு போய்விட்டது. சுவர் நின்றது. அது நான் கட்டிய சுவர் என்பதால் இதைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், உண்மையிலேயே நின்றது. மகள், உனக்கு அப்போது இரண்டு வயது. உன்னைக் கழுத்தில் இருத்திக்கொண்டு கோயில் மதிலில் ஏறி, தண்ணீர் வடியும்வரை இறங்காமல் நின்றவன் உங்கள் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. நீ அவனுடைய தலைமயிரை இறுக்கிப் பிடித்திருந்ததில் ஒரு பிடி மயிர் உன் கையோடு வந்துவிட்டது. "மருமகள் என்னைய மொட்டையாக்கிப் போட்டாள்" என்று அவன் முகாமில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த வருடம், மழைக்கு முன் குசினிக்குத் தகரம் போட வேண்டும் என்று அவன்தான் நின்றான். ஓட்டமாவடியில் நல்ல தகரம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, காலையில் பாணும் சம்பலும் தின்றுவிட்டு பஸ் ஏறினான்.

"பன்னெண்டு தகரம் அக்கா. பின்னேரத்துக்குள்ள வந்திரும். அடுப்ப மழ நனைக்காது இனி."

அதுதான் கடைசியாகக் கதைத்தது. ஓட்டமாவடியில் காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் நான் போய் விசாரித்தேன். தம்பி வந்தது உண்மை, பன்னிரண்டு தகரத்தைத் தட்டிப் பார்த்து எடுத்தது உண்மை, சோக்கட்டியால் அடையாளம் போட்டது உண்மை, லொறி ஒன்று பிடித்துக்கொண்டு வாறன் என்று றோட்டுக்குப் போனதும் உண்மை என்று சொன்னார். றோட்டுக்கு அங்கால என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. அந்த நாளில் றோட்டில் நடந்ததை யாரும் பார்ப்பதில்லை. காக்கா அந்தத் தகரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. "தம்பி வரட்டும், ஏத்தி அனுப்புறன்" என்று சொல்லி ஒரு மூலையில் நிமிர்த்தி வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் வீடு கட்டும் மேசனின் குசினிக்கு இன்றுவரை தென்னோலைக் கிடுகுதான். வேறு தகரம் போடுவோம் என்றால் அம்மா விடமாட்டாள். உங்களுக்கு அது தெரியும்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் ஒரு திட்டத்தின் அலுவலர் எங்கள் ஊருக்கு வந்தார். இளம் பிள்ளை. உடம்பெல்லாம் பை வைத்த கையில்லாத ஒரு மேற்சட்டை போட்டிருந்தார். எல்லாரும் அவரைச் சேர் என்று கூப்பிட்டோம். அவர் கொண்டுவந்த படிவத்தில், குடும்பத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நேரே இரண்டு பெட்டி இருந்தது. ஒன்று இறந்தவர், மற்றது காணாமற்போனவர். அம்மா இரண்டிலும் அடையாளம் போடவில்லை. பக்கத்தில் இருந்த வெறும் இடத்தில் "ஓட்டமாவடிக்குப் போயிருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்தாள்.

சேர் அதை வாசித்துவிட்டு மூன்று பின்னேரம் தொடர்ந்து வந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தம்பி பிறந்ததிலிருந்து தகரம்வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு சின்னப் பெட்டியில் அதைப் பதிவு செய்துகொண்டார். தம்பியைத் தேடுவதற்குத்தான் கேட்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் முப்பது பக்கக் கூத்து ஒன்றோடு திரும்பி வந்தார். யுத்தத்தால் சிதறிய ஒரு குடும்பத்தைப் பற்றிய கூத்து.

உண்மையைச் சொன்னால் அந்தக் கூத்து முதலில் கடலைப் பற்றியதாக இருந்ததாம். வேறு ஒரு ஊரில் கடல்ராசாவுக்கு முடி, உடுப்பு எல்லாம் தைத்து முடிந்த பிறகு, இனிக் கடலுக்கு உதவி இல்லை, யுத்தத்துக்குத்தான் உதவி என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே கடல் பேசிய இடங்களில் எல்லாம் யுத்தம் பேசியது. முடியில் இருந்த சிப்பியைக் கழற்றப் பார்த்தார்கள். பசை நல்ல பசை. கழலவில்லை.

எங்கள் ஊர் அண்ணாவியார், அதாவது மத்தளம் அடித்துக் கூத்தை நடத்துகிறவர், வாவிக்கு அக்கரை வட்டையில் வயல் செய்கிறவர். சேர் அவரைத் தேடி வரம்பிலேயே போய்விட்டார். நானும் கூடப் போனேன்.

"வெளிநாட்டு அம்மா ஒராள் பார்க்க வாறா அண்ணாவியார். அம்பது நிமிசம்தான் இரிக்கு. பதினொண்டரைக்கு அவ வெளிக்கிட்டு, தேற்றாத்தீவில ஒரு கிணறு தொறக்கப் போகோணும்."

"தலப்பாக் கட்டவே எனக்கு அரமணித்தியாலம் வேணும் சேர்."

"சுருக்கலாம் தானே?"

"சுருக்கலாம். வேட்டியச் சுருக்கினா கை துடைக்கிற லேஞ்சி வரும். லேஞ்சிய இடுப்புல கட்டேலுமா, சொல்லுங்க."

ஆனாலும் ஒத்துக்கொண்டார். கூத்து என்றால் அவருக்கு வயிற்றுக் குத்து வந்தாலும் மறந்துவிடும். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். எங்கள் கூத்தில் யார் களரிக்கு, அதாவது ஆடும் வட்டத்துக்கு, வந்தாலும், ராசாவோ வண்ணானோ, முதலில் வெள்ளைத் துணி பிடித்து, வரவு பாடி, வரவு ஆடித்தான் வாய் திறக்கலாம். வரவு இல்லாமல் வருகிற ஆள் பாத்திரம் இல்லை, றோட்டில் போகிறவன். அதைக் குறைக்கலாமே தவிர, எடுக்க ஏலாது என்றார். ஆடுகிறவர் வலது கையை இறக்கிக் காட்டினால்தான் மத்தளமும் நிற்கும். அது வேறு ஒரு சட்டம்.

சேர் ஒரு மட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் நேரம் போட்டார். அந்த மட்டையை நான் பல நாள் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகிவிட்டது. விளக்கேற்றல் ஒரு நிமிடம். கட்டியகாரன், அப்பா, அம்மா, மாப்பிள்ளை, தம்பி, அக்கா, ஆறு பேருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிட வரவு. குடும்பம் சந்தோசமாக இருத்தல் மூன்று நிமிடம். யுத்தம் ஐந்து நிமிடம். பிரிதல் இரண்டு நிமிடம். ஒப்பாரி எட்டு நிமிடம். நம்பிக்கை ஒரு நிமிடம்.

பெண் வேடம் ஆண்கள்தான் போடுவோம். நான் இளந்தாரிக் காலத்தில் மெலிந்து, இடை ஒடிந்து ஆடுவேன் என்று பேர் எடுத்தவன். இப்போது சீமெந்து மூடை தூக்கித் தூக்கி அந்த இடை எங்கே போனதென்று தெரியாது. ஆனாலும் அக்கா பாத்திரம் எனக்கே வந்தது. அதாவது நான் உங்கள் அம்மாவாக ஆட வேண்டும். நானாக ஆட வேண்டிய மாப்பிள்ளை பாத்திரம் பேக்கரிக்காரருக்குப் போனது. அவர் எனக்கு முன்னாலேயே என்னைப் போல் வேட்டியை உயர்த்திப் பிடித்து, மூக்கைச் சொறிந்து நடந்து காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மூக்கைச் சொறிவேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். யுத்தம், என் தங்கச்சியின் புருசன். உழவு மெசின் ஓட்டுகிற, உங்களுக்கு மாங்காய் கொண்டுவந்து தருகிற அதே மனிசன்தான்.

சேர் எழுதிக்கொண்டு வந்த ஒப்பாரி புத்தகத் தமிழில் இருந்தது. அண்ணாவியார் ஒரு தரம் வாசித்துவிட்டு, "இது அழுறதுக்கு எழுதினதா, சோதினைக்கு எழுதினதா?" என்று கேட்டு என்னிடம் தந்தார். "வீட்டில கேட்டத வெச்சு நீயே கட்டு மனே" என்றார். நான் கொப்பியில் பென்சிலால் எழுதினேன். எனக்குப் பாட்டுக் கட்டத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் அது சும்மா வந்தது. தகரம் வந்தது, சோக்கட்டி வந்தது, மதில் வந்தது, உன் கையோடு வந்த மயிர்கூட வந்தது. எல்லாம் உங்கள் அம்மா அடுப்படியில் தன்பாட்டில் சொன்ன சொற்கள். பழகும்போது பிற்பாட்டுக்காரர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை நான் மறைக்கக் கூடாது. பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் கிணற்றடியில் குளித்துக்கொண்டு அதைப் பாடிப் பார்த்தேன். நாலாவது வரியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. அம்மா கையெல்லாம் தேங்காய்ப்பூவோடு வந்து நின்றாள்.

"அது ஆருக்கு?"

"கூத்துக்குப் புள்ள."

"கூத்தில ஆருக்கு?"

நான் வாளியைப் பார்த்தேன்.

"இஞ்ச பாருங்க. உசிரோட இரிக்கிறவனுக்கு ஒப்பாரி வெக்கிறயளா? நான் அந்தப் பொடியனுக்குச் சொன்னது தேடுறத்துக்கு. அழுறத்துக்கில்ல. நான் அஞ்சு வரியமா அழாம இரிக்கன். நான் அழுதா அவன் போயிற்றான் எண்டு அருத்தம். எனக்கு வேசம் கட்டிக்கிட்டு நீங்க அழப்போறயளா?"

"அது சும்மா ஆட்டம் புள்ள."

"நாலு பேருக்கு முன்னால பாடினாச் சும்மா இல்ல. பாடினா மறுகா இந்த வீட்டுப் படிய மிதிக்கப்படாது. இது என்ட வீடு."

அது உண்மை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். சுவர் நான் கட்டினாலும் படி அவளுடையது.

அப்படியானால் கூத்தை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. வருகிற வெளிநாட்டு அம்மாவிடம் கொடுக்க ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். நடிக்கிறவர்களின் குடும்பத்தைத்தான் முன்வரிசையில் இருத்துவார்கள் என்று சேர் சொல்லியிருந்தார். ஆகவே நான் ஆடவும் வேண்டும், அழவும் கூடாது.

நான் சேரிடம் போய் ஒப்பாரியை எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஒப்பாரி இல்லாட்டி இது என்ன அண்ணன்? கலியாண வீடு. அந்த அம்மா அதுக்குத்தான் வாறா. ஒங்கட ஒப்பாரிய நான் மொழிபெயர்த்து முன்னமே அனுப்பிற்றன். அவ வாசிச்சுப்போட்டு அழுதாவாம்."

அண்ணாவியாரிடம் போனேன். அவர் மத்தளத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு நின்றால் என்ன என்று கேட்டேன். "நீ மூடினாப்போல? பிற்பாட்டு ஒம்பது பேர் இரிக்கான். அவனுகள் எடுத்திருவானுகள். கொட்டினாத் தண்ணி ஓடும்" என்றார். ஊர் முழுக்க அந்த வரிகளை நானே படிப்பித்து வைத்திருந்தேன். வயலுக்குப் போகிறவன்கூட அதை முணுமுணுத்துக்கொண்டு போனான். உங்கள் அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

ஆடிய இடம் குருக்கள்மடத்தில் ஒரு மண்டபம். காலை பத்து நாற்பதுக்குக் கூத்து. விடிய விடிய ஆடிப் பழகிய எங்களுக்குக் காலைச் சாப்பாடு செமிக்கும் முன்னம் முகத்தில் மை பூசுவது புது விசயம். அங்கே போனதும் இன்னொரு சிக்கல். களரி வட்டமாக, சுற்றிவர ஆட்கள் இருக்கத் தரையில் இருக்க வேண்டும். மண்டபத்தில் ஒரு பக்கமாக உயர்ந்த மேடைதான் இருந்தது. அண்ணாவியார் மேடையில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். "ஒரு பக்கம் மட்டும் ஆள் இருந்தா மற்ற மூண்டு பக்கத்துக்கும் நான் ஆருக்கு அடிக்கிற?" கடைசியில் நாங்கள் தரையில் ஆடினோம். விருந்தாளிகள் மேடையில் கதிரை போட்டு, பூச்சாடிகளுக்கு நடுவே, எங்களைப் பார்த்தபடி இருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அவர்கள்தான் நாடகம் நடிக்கிற மாதிரித் தெரிந்தது.

உங்கள் அம்மா முன்வரிசையில், மடியில் ஒரு பொலித்தீன் பையோடு இருந்தாள். பைக்குள் கடிதம். என் கொண்டையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

விளக்கேற்றலில் தொடங்கியது பிழை. மேலே மின்விசிறி சுழன்றது. வெளிநாட்டு அம்மா திரியைப் பற்றவைக்க அது அணைந்தது. மறுபடி வைக்க அணைந்தது. மின்விசிறியை நிறுத்தும் சுவிச்சைத் தேடியதில் நாலு நிமிடம் போனது. பிறகு கட்டியகாரன் வந்தான். அவனுக்கு ஐந்து நிமிடம் என்று யார் சொன்னாலும் கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டால் நேரம் மறந்துபோகும். மேடையில் இருந்தவர்களைப் பார்த்து, "இஞ்ச வந்திரிக்கிற ராசமாரே, ஒங்கட கூத்து எப்ப தொடங்கும்?" என்று கேட்டு அங்கே மூன்று நிமிடம் நின்றான். பிறகு அப்பா. பிறகு அம்மா. அம்மா வேடம் போட்டவருக்கு முழங்காலில் வாதம், சுற்றி வர ஆறு நிமிடம். பிறகு மாப்பிள்ளை, மூக்கைச் சொறிந்தபடி. பிறகு தம்பி. தம்பியாக வந்த பொடியன் வெள்ளைத் துணியை விலக்கித் துள்ளி வந்தபோது உங்கள் அம்மா நிமிர்ந்து இருந்தாள். சிவப்பு லேஞ்சி ஒன்றைக் கையில் சுற்றியிருந்தான். நன்றாக ஆடினான். ஆடி முடித்து, மற்றவர்களோடு வரிசையில் போய் நின்றான்.

அப்போது பதினாறு நிமிடம் மிச்சம். சேர் வேர்த்து ஒழுகத் துணிக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"அண்ணன், சந்தோசம் வேணாம். பிரியிறதும் வேணாம். நீங்க ரெண்டு நிமிசத்தில வந்திருங்க, யுத்தம் மூண்டு நிமிசம், நேரா ஒப்பாரி. ஒப்பாரிய மட்டும் வுட்டிராதிங்க."

யுத்தம் ஒரு கதிரையில் இருந்து விருந்தாளிகளின் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது. "ரெண்டு நிமிசமாம் மச்சான். சுறுக்கா வந்துத்துப் போ. எனக்கு மீசை உருகுது" என்றது.

துணியைப் பிடித்தார்கள். அண்ணாவியார் அக்காவின் வரவைப் பாடினார். நான் போனேன்.

ஒரு சுற்று வந்தேன். இரண்டு சுற்று வந்தேன். இப்போது வலது கையை இறக்க வேண்டும். அந்த இடத்தில் உங்கள் அம்மா நேரே எதிரில் வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. வரிசையில் நிற்கிற தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திட்டம் போட்டுத்தான் செய்தேன் என்று உங்கள் மாமன், அந்த யுத்தக்காரன், இன்றைக்கும் சொல்லித் திரிகிறான். பொய். எனக்கு அவ்வளவு யோசனை இல்லை. கை இறங்கவில்லை, அவ்வளவுதான். நான் மூன்றாவது சுற்றுக்குப் போய்விட்டேன்.

அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டி எனக்கு நினைவூட்டினார். நான் கையை இன்னும் உயர்த்தினேன். வரவுப் பாட்டு மொத்தம் நாலே வரி. அது முடிந்துவிட்டது. அவர் திரும்ப முதலில் இருந்து பாடினார். அதுவும் முடிந்தது. ஆடுகிறவர் கையை இறக்காமல் மத்தளத்தை நிறுத்த அவருடைய சட்டம் விடாது. ஆகவே புது வரி கட்டத் தொடங்கினார். அக்கா வருகிறாள், மூக்குத்தி மின்ன வருகிறாள் என்றார். சேலைக் கரை பாடினார். வீட்டைப் பாடினார். முற்றத்துக் கோழியைப் பாடினார், கோழி போட்ட முட்டையைப் பாடினார். பிற்பாட்டுக்காரர் ஒன்பது பேரும் முட்டையை ஏழு தரம் எடுத்துப் பாடினார்கள்.

மேடை ஓரத்தில் நின்று சேர் தன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். பிறகு மட்டையைத் தூக்கிக் காட்டினார். பிறகு இரண்டு கையாலும் கழுத்தை அறுப்பது போலக் காட்டினார். வெளிநாட்டு அம்மா அதையும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து அவரைப் பார்த்துத் தலையாட்டினா.

எட்டாவது நிமிடமோ ஒன்பதாவது நிமிடமோ, நெஞ்சுக்கு வைத்திருந்த துணிச் சுருள் கழன்று கீழே இறங்கி வயிற்றில் வந்து நின்றது. பெண்கள் பகுதியில் ஒரு கிழவி சத்தமாகச் சொன்னா: "அடி ஆத்தே, வந்து முடியக்குள்ள மாசமாயிற்றாள்!" மண்டபம் இடிந்தது. அண்ணாவியார் அதையும் விடவில்லை. பிள்ளை பிறக்கப்போகிறது என்று ஒரு வரி, மருமகளை மாமன் மதிலில் ஏற்றுவான் என்று ஒரு வரி. என் கை ஏன் இறங்கவில்லை என்பது அவருக்கு விளங்கியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

எனக்கு மூச்சு வாங்கியது. தொண்டையில் இரத்த ருசி வந்தது. காலில் சதங்கை இரும்பாகக் கனத்தது. வெள்ளைத் துணியின் மேலால் சிப்பி முடி ஒன்று எட்டிப் பார்த்தது.

"டேய், நான் எப்படா வாற?"

"வராத!" என்றேன். ஆடிக்கொண்டே சொன்னேன். முன்வரிசைக்குக் கேட்டது.

உங்கள் அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். பொலித்தீன் பையை வாயில் வைத்து அமத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய தோள் குலுங்கியது. நான் இன்னொரு சுற்றுப் போனேன்.

வெளியில் வாகனம் ஹோர்ன் அடித்தது. தேற்றாத்தீவில் கிணறு காத்துக்கொண்டிருந்தது. ஹோர்ன் இரண்டாம் தரம் அடித்ததும் நான் கையை இறக்கினேன். கையை மட்டும் இல்லை, முழு ஆளும் இறங்கித் தரையில் இருந்துவிட்டேன். மத்தளம் நின்றது. அப்பா, அம்மா, மாப்பிள்ளை, தம்பி எல்லாரும் வரிசையில் நின்றார்கள். குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது. கூத்து முடிந்துவிட்டது. அண்ணாவியார் சேருடைய முகத்தைப் பார்க்காமல் நேரே மங்களம் பாடினார். மங்களம் பாடிவிட்டால் பிறகு களரியில் யாரும் சாக முடியாது. அதுவும் சட்டம்தான்.

வெளிநாட்டு அம்மா எழும்பி நின்று கைதட்டினா. கீழே இறங்கி வந்து, தரையில் கிடந்த என் கையைப் பிடித்துக் குலுக்கினா. அவ சொன்னதைச் சேர் எங்களுக்குச் சொன்னார். அவருடைய குரல் செத்துப்போயிருந்தது.

"குடும்பம் மிச்சம் வடிவாம், அழகாம். ஒருத்தரும் ஒருத்தர விட்டுப்போகாம நிண்டது நல்லாப் பிடிச்சிரிக்காம். ஆனா, யுத்தம் எங்க எண்டு கேக்கிறா."

"இஞ்ச இரிக்கன்!" என்று துணிக்குப் பின்னால் இருந்து சத்தம் வந்தது. மச்சான் வாயெல்லாம் பிஸ்கட் தூளோடு, உருகிய மீசையோடு ஓடி வந்தான். "நாலு கிழம பழகினவன் நான். வரவு இல்லாட்டிப் போகட்டும், படத்திலயாவது நிக்கன்." எங்களுக்கு நடுவே புகுந்து என் தோளில் கையைப் போட்டான். அப்போது எடுத்ததுதான் சுவரில் இருக்கிற படம். அந்தப் படத்தில் உங்கள் மாமாவின் வேடம் போட்ட பொடியன் சிவப்பு லேஞ்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துப் பாருங்கள்.

உங்கள் அம்மா வெளிநாட்டு அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தாள். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினா. சில மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தோம். பனி மூடிய ஒரு வீடும் ஒரு மானும் போட்ட வாழ்த்து மட்டை. வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அந்த வீட்டுக் கூரை தகரமா என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். பனியில் தெரியவில்லை என்று சொன்னேன்.

சேர் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. அவருக்கு அதனால் வேலையில் கரைச்சல் ஏதும் வந்ததா என்று எனக்குத் தெரியாது. நல்ல பிள்ளை. அவரிடம் ஒரு தரம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

அன்று மத்தியானம் நான் சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு, முகத்து மை கழுவாமல், நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தேன். படிக்கு வெளியே நின்றேன். அம்மா உள்ளே இருந்து ஒரு வாளியில் உப்புப்போட்ட சுடுதண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"உள்ள வந்து கால வைங்க. அங்க நிண்டா ஆறிப்போயிரும்."

நான் உள்ளே வந்து காலை வைத்தேன். அவள் அடுப்பை ஊதினாள். கிடுகு இடுக்கால் வெயில் பொட்டுப் பொட்டாக அவளுடைய முதுகில் விழுந்தது. திரும்பாமலே கேட்டாள்.

"தம்பி களரிய வுட்டு எறங்கினவனா?"

"இல்ல புள்ள. மங்களம் பாடக்குள்ளயும் அதிலதான் நிண்டான்."

"ம்" என்றாள். பிறகு, "மனிசனுக்கு இந்த வயசில இவ்வளவு நேரமா ஆடுற? கோழியெல்லாம் பாட்டில வருது" என்று சொல்லி எனக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நீங்களும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். எனக்குக் கால் வீங்கிப் போனதால் நான் மட்டும் வீட்டில். கொப்பியை எடுத்தேன். ஒப்பாரி எழுதிய பக்கம் அதில் இருந்தது. அதைக் கிழித்து எரிக்கலாம் என்று நினைத்தேன். எரிப்பது செத்தவர்களுக்குச் செய்வது. வாவியில் விடலாம் என்று நினைத்தேன். அதுவும் அப்படித்தான். முற்றத்தில் புதைக்க மண்வெட்டி எடுத்து, திரும்பவும் கொண்டுபோய் வைத்தேன்.

பிறகு, மகள், உன் பென்சில் பெட்டியைத் திறந்தேன். மாம்பழ வாசம் அடிக்கிற அழிறப்பர் ஒன்று வைத்திருந்தாயே, அதை எடுத்தேன். அது பாதியாய்ப் போனதற்கு உன் தம்பிக்கு அடித்தாய். அவன் செய்யவில்லை. நான் மேசையில் இருந்து, கடைசி வரியில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக மேலே மேலே அழித்துக்கொண்டு போனேன். சோக்கட்டி போனது. மதில் போனது. தகரம் என்ற சொல்லில் பென்சிலை அழுத்தி எழுதியிருந்தேன், அதற்கு நேரம் எடுத்தது. தூளை ஊதினேன். தாளைச் சரித்துப் பார்த்தால் எழுத்தின் பள்ளம் இன்னும் தெரிந்தது. குசினிக்குப் போய் ஒரு தேக்கரண்டி எடுத்துவந்தேன். சுவருக்குச் சாந்து பூசிக் கடைசியாக மட்டம் பிடிப்பதுபோல், கரண்டியின் முதுகால் அந்தப் பக்கத்தை மெல்ல மெல்லத் தேய்த்து, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாமல் வரும்வரை தேய்த்தேன்.